பேக்கர்ஸ் அடுத்து யாரை எடுக்கும்? என்.எஃப்.எல். டிராஃப்ட் கணிப்பு குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிராஃப்ட் என்பது ஒருவகை ஏலமா?

இல்லை. ஐ.பி.எல். ஏலத்தைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் மறக்க வேண்டியது பணப்பையைத்தான். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல். நடத்தும் டிராஃப்டில் எந்த அணியும் வீரருக்கு விலை கேட்பதில்லை. கல்லூரி ஆட்டத்திலிருந்து வரும் வீரர்களில் ஒருவரின் பெயரை அணி தன் முறை வரும்போது அறிவிக்கிறது. அவருடன் ஒப்பந்தம் பேசும் உரிமை அதன்பின் அந்த அணிக்கு மட்டுமே உரியது. 32 அணிகள், 7 சுற்றுகள், 3 நாட்கள் என்பது இன்றைய அமைப்பு; 2025இல் மொத்தம் 257 பேர் தேர்வாயினர். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளரான பெர்ட் பெல் முன்வைத்த யோசனைப்படி முதல் டிராஃப்ட் 1936இல் நடந்தது. அதில் முதல் ஆளாகத் தேர்வான ஜே பெர்வாங்கர் என்.எஃப்.எல். போட்டியில் ஒருமுறைகூடக் களமிறங்கவில்லை என்பதைக் கணிப்பில் இறங்கும் எவரும் ஒரு மூலையில் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

எந்த அணிக்கு எப்போது முறை வரும்?

முந்தைய பருவத்தில் கடைசியாக வந்த அணிக்கு முதல் வாய்ப்பும், பருவத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலை வென்ற அணிக்கு முப்பத்திரண்டாவது வாய்ப்பும் கிடைக்கும். வெற்றி தோல்விக் கணக்கில் இரண்டு அணிகள் சமமாக இருந்தால், எளிய எதிரிகளோடு ஆடிய அணி முன்னால் நிற்கும். இந்த வாய்ப்புகளை, அதாவது தேர்வு உரிமைகளை, அணிகள் தங்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம் என்பதால் வரிசை இறுதி நிமிடம்வரை அசைந்துகொண்டே இருக்கும்.

இந்தப் பக்கம் ஏன் கிரீன் பே பேக்கர்ஸ் அணியையே எடுத்துக்கொள்கிறது?

பழக்கம் மாறாத அணியைத்தான் கணிக்க முடியும் என்பதால். விஸ்கான்சின் மாநிலத்தின் சிறு நகரமான கிரீன் பேயில் இருக்கும் இந்த அணிக்குத் தனி உரிமையாளர் கிடையாது. 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பங்குதாரர்களுக்கு அது சொந்தம். ஆகவே, தனக்குப் பிடித்த கல்லூரி நட்சத்திரத்தை எடுத்தே ஆக வேண்டும் என்று அடம்பிடிக்கும் செல்வந்தர் எவரும் தேர்வு அறையில் இல்லை. அதைவிட முக்கியமானது, யாரை எடுப்பது என்று முடிவு செய்யும் பொது மேலாளர்களின் வரிசை. 1991 முதல் 2001 வரை பொறுப்பில் இருந்த ரான் வுல்ஃப், 2005 முதல் 2017 வரை இருந்த டெட் தாம்சன், 2018இல் பொறுப்பேற்ற பிரையன் குட்டகுன்ஸ்ட் ஆகிய மூவரில் பின்னிருவரும் வுல்ஃபின் கீழ் வேலை கற்றவர்கள். இடையில் மைக் ஷெர்மன் இருந்த சில ஆண்டுகளை நீக்கிவிட்டால், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே பள்ளியின் பாடமே அங்கே நடந்து வந்திருக்கிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மேலாளரை மாற்றும் அணிக்கு இத்தகைய கணிப்பு செல்லாது.

ஓர் அணியின் தேவையை எங்கே பார்த்துத் தெரிந்துகொள்வது?

கடந்த பருவத்தில் எங்கே தோற்றார்கள் என்று பார்ப்பதுதான் பெரும்பாலோரின் வழக்கம். அது அரைகுறையான வழி. ஒப்பந்த நாட்காட்டியைப் பார்ப்பது மேல்.

டிராஃப்டில் எடுக்கப்படும் வீரரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கானது. முதல் சுற்றில் வந்தவரை மட்டும் ஐந்தாம் ஆண்டுக்கும் வைத்துக்கொள்ள அணிக்கு உரிமை உண்டு. வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அவருடைய மூன்றாம் பருவம் முடிந்தபின் வரும் மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். மறுபுறம், ஓர் அணி தன் வீரர்கள் அனைவருக்கும் சேர்த்துச் செலவிடக்கூடிய சம்பள வரம்பு ஒன்று இருக்கிறது: 2024இல் 25.54 கோடி டாலர், 2025இல் 27.92 கோடி டாலர். பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கான ஜோர்டன் லவ் என்பவருக்கு 2024 ஜூலையில் நான்கு ஆண்டுகளுக்கு 22 கோடி டாலர் என்று ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டபோதே, மற்ற இடங்களில் முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் மலிவான இளைஞர்கள் அதிகம் தேவைப்படுவார்கள் என்பது முடிவாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. குவாட்டர்பேக்கை எதிரணியிடமிருந்து காக்கும் டேக்கிள் என்ற இடத்தில், பேக்கர்ஸ் அணியின் ஜாக் டாம், ரஷீத் வாக்கர் ஆகிய இருவரும் 2022 டிராஃப்டில் வந்தவர்கள். முதல் வீரர் நான்காம் சுற்று, இரண்டாமவர் ஏழாம் சுற்று. இருவரின் முதல் ஒப்பந்தமும் 2025 பருவத்தோடு முடிவதாக இருந்தது. 2024 ஏப்ரலில் இருவருமே நன்றாக ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆயினும் அந்த ஆண்டின் முதல் சுற்றில் ஜோர்டன் மார்கன், அடுத்த ஆண்டின் இரண்டாம் சுற்றில் ஆண்டனி பெல்டன் என்று அடுத்தடுத்து இரண்டு கல்லூரி டேக்கிள்களை அணி எடுத்தது. நீண்டகாலம் அந்த இடத்தைக் காத்த டேவிட் பக்தியாரி 2024 மார்ச்சில் விடுவிக்கப்பட்டதும் ஒரு காரணம்தான் என்றாலும், முதன்மைக் காரணம் நாட்காட்டி. டாமுக்கு 2025இல் பெரிய ஒப்பந்தம் கொடுத்தார்கள். இருவருக்கும் அப்படிக் கொடுக்க எந்த அணியின் கணக்கிலும் இடம் இருக்காது. இன்று காலியாக இருக்கும் இடத்தைவிட, இரண்டு ஆண்டு கழித்துக் காலியாகப் போகும் இடமே டிராஃப்டைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

தேவை தெரிந்துவிட்டால், அந்த இடத்துக்கான ஆளை முதல் சுற்றிலேயே எடுப்பார்கள் அல்லவா?

அவசியமில்லை. 2022ஐப் பாருங்கள். எறியும் பந்தை ஓடிப் பிடிக்கும் வைட் ரிசீவர்களில் அன்றைக்கு முதல் வரிசையில் இருந்த தவாந்தே ஆடம்ஸை, அந்த மார்ச்சில் பேக்கர்ஸ் அணி லாஸ் வேகஸ் ரைடர்ஸுக்குக் கொடுத்துவிட்டு, 22ஆம், 53ஆம் தேர்வு உரிமைகளைப் பெற்றது. கையில் 22, 28 என்று முதல் சுற்றில் இரண்டு வாய்ப்புகள். கணிப்பு எழுதிய ஏறத்தாழ அனைவரும் குறைந்தது ஓர் இடத்தில் ரிசீவர் என்றே எழுதினர். அணியோ 22இல், தற்காப்பு வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கரான குவே வாக்கரையும், 28இல் தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்கும் டெவான்டே வையட்டையும் எடுத்தது. இருவரும் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தினர்.

காரணம் எளியது. பேக்கர்ஸின் முறை வருவதற்குள் ஆறு ரிசீவர்கள் போய்விட்டார்கள். எஞ்சியவர்களின் தகுதி அந்த இடத்துக்கு எட்டவில்லை என்று மேலாளர் கருதினார் என்றே கொள்ள வேண்டும். ஆனால் தேவையை அவர் மறக்கவில்லை. மறுநாள் 53, 59 ஆகிய இரண்டு உரிமைகளையும் மினசோட்டா வைக்கிங்ஸுக்குக் கொடுத்து, 34ஆம் இடத்துக்கு ஏறி கிறிஸ்டியன் வாட்சனை எடுத்தார். நான்காம் சுற்றில் ரோமியோ டோப்ஸ், ஏழாம் சுற்றில் சமோரி டூரே. ஒரே டிராஃப்டில் மூன்று ரிசீவர்கள்! "இந்த அணி ரிசீவர்களைத் தேடுகிறது" என்ற கணிப்பு முழுவதும் சரி. "முதல் சுற்றில்" என்ற சொல்தான் தவறு. வீரர் ஆடும் இடத்தைக் கணிப்பதும் சுற்றைக் கணிப்பதும் இரு வேறு வேலைகள். இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பல நல்ல கணிப்புகள் தோற்றவையாகத் தெரிகின்றன.

மார்ச் மாதத்தில் ஓர் இடத்துக்கு வெளியிலிருந்து ஆள் எடுத்துவிட்டால், அந்த இடத்தைப் பட்டியலிலிருந்து அடித்துவிடலாமா?

அடித்துவிடாதீர்கள். எதிரணிக் குவாட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து விரட்டுபவரை எட்ஜ் ரஷர் என்பர். 2019 மார்ச்சில் சடேரியஸ் ஸ்மித், பிரஸ்டன் ஸ்மித் என்று இரண்டு எட்ஜ் ரஷர்களைப் பெருந்தொகைக்குச் சேர்த்த பேக்கர்ஸ், அடுத்த மாதமே 12ஆம் உரிமையில் ரஷான் கேரி என்ற மூன்றாவது எட்ஜ் ரஷரை எடுத்தது. அதே மார்ச்சில் சேஃப்டி என்ற பின்தற்காப்பு இடத்துக்கு ஏட்ரியன் ஏமாஸ் வந்தார். அதே முதல் சுற்றில் டார்னல் சாவேஜ் என்ற சேஃப்டியும் வந்தார். 2024இலும் இதே கதைதான்: மார்ச்சில் ஸேவியர் மெக்கினி, ஏப்ரலில் மேலும் மூன்று சேஃப்டிகள்.

நல்ல குவாட்டர்பேக் இருக்கும்போதே இன்னொருவரை எடுப்பது ஏன்?

கேட்பவர்களில் பாதிப் பேர் கோபத்தோடு கேட்கும் கேள்வி இது. 2005இல் பிரெட் ஃபாவ்ர் இன்னும் ஆடிக்கொண்டிருந்தபோது, பலரும் மிக முன்னதாகவே போய்விடுவார் என்று நினைத்த ஆரன் ராட்ஜர்ஸ் 24ஆம் இடம்வரை சரிந்து வந்தார், தாம்சன் எடுத்துக்கொண்டார். ராட்ஜர்ஸ் மூன்று பருவங்கள் பின்னால் காத்திருந்து 2008இல்தான் முதன்மை ஆட்டக்காரரானார். 2020இல், வெற்றிக்கு ஒரு படி கீழே நின்ற அணிக்கு உடனடி உதவி வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்த வேளையில், குட்டகுன்ஸ்ட் 30இலிருந்து 26க்கு ஏறி லவ்வை எடுத்தார். அவரும் மூன்று பருவங்கள் காத்திருந்தார். 2023இல் ராட்ஜர்ஸ் நியூ யார்க் ஜெட்ஸுக்குப் போன பிறகே அவருடைய காலம் தொடங்கியது.

இது இந்த அணியின் தனிக் குணம் என்று நினைத்துவிட வேண்டாம். அட்லாண்டா ஃபால்கன்ஸ் 2024 மார்ச்சில் கிர்க் கசின்ஸுக்கு 10 கோடி டாலர் உறுதியளித்து ஒப்பந்தம் செய்துவிட்டு, ஆறு வாரங்களில் 8ஆம் உரிமையைக் கொண்டு மைக்கேல் பெனிக்ஸ் என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. தேவைப் பட்டியலை மட்டும் நம்பிய யாருக்கும் அந்த இரவு உறக்கம் வந்திருக்காது.

பிந்தைய சுற்றுகளிலும் கண் வையுங்கள். வுல்ஃப் காலத்திலேயே மார்க் புருனல், மேட் ஹேசல்பெக், ஆரன் புரூக்ஸ் என்று நடு, கடைசிச் சுற்றுகளில் குவாட்டர்பேக்குகளை எடுத்து வளர்த்துப் பிற அணிகளுக்குக் கைமாற்றும் வழக்கம் உண்டு. 2023இல் ஐந்தாம் சுற்றில் ஷான் கிளிஃபர்டும், 2024இல் ஏழாம் சுற்றில் மைக்கேல் பிராட்டும் வந்தது அந்த மரபின் நீட்சியே.

மேலாளரின் பழக்கங்கள் என்று எவற்றைச் சொல்லலாம்?

2018 முதல் 2025 வரை குட்டகுன்ஸ்ட் முதல் சுற்றில் எடுத்தவர்கள் பத்துப் பேர். அவர்களில் ஏழு பேர் தற்காப்பு ஆட்டக்காரர்கள். ரிசீவர்களை இந்த அணி இரண்டாம் சுற்றில்தான் தேடிப் பிடிக்கும்: கிரெக் ஜென்னிங்ஸ் 2006, ஜோர்டி நெல்சன் 2008, ராண்டல் காப் 2011, ஆடம்ஸ் 2014, வாட்சன் 2022, ஜேடன் ரீட் 2023. முதல் சுற்றில் 2002இல் ஜவான் வாக்கரை எடுத்தபின், அடுத்த ரிசீவர் 2025இல்தான் வந்தார். அது மேத்யூ கோல்டன். கிரீன் பே நகரிலேயே முதன்முறையாக டிராஃப்ட் நடந்த அந்த ஏப்ரலில், சொந்த ஊர் ரசிகர்கள் முன்னிலையில். இருபத்து மூன்று ஆண்டுப் பழக்கமும் ஒரு நாள் உடையும் என்பதற்கு அதுவே சான்று. பழக்கத்தை நிகழ்தகவாகக் கொள்ளுங்கள், சட்டமாகக் கொள்ள வேண்டாம்.

அதிகம் பேசப்படாத, ஆனால் எனக்கு மிகவும் பயன்பட்ட பழக்கம் வேறொன்று. ஓர் இடத்தில் குறை இருக்கிறது என்று முடிவு செய்தால், இவர்கள் ஒருவரோடு நிற்பதில்லை. 2018இல் மூன்று ரிசீவர்கள். அதே ஆண்டு முதலிரு சுற்றுகளிலும், எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்குகள். 2023இல், எதிரணியைத் தடுப்பதோடு பந்தையும் பிடிக்கும் டைட் எண்ட் இடத்தில் இருந்த அனுபவசாலிகள் விலகியதும் இரண்டாம் சுற்றில் லூக் மஸ்கிரேவ், மூன்றாம் சுற்றில் டக்கர் கிராஃப்ட். 2025இல் கோல்டனைத் தொடர்ந்து மூன்றாம் சுற்றில் சேவியன் வில்லியம்ஸ் என்ற இன்னொரு ரிசீவர். ஆகவே, முதல் தேர்வு எந்த இடம் என்று தெரிந்த பிறகு "அந்தத் தேவை தீர்ந்தது" என்று மறுநாள் கணிப்பிலிருந்து நீக்குவது இந்த அணியைப் பொறுத்தவரை பெரும் பிழை.

தற்காப்பு வரிசைக்கு எதிரே நிற்கும் ஆஃபென்சிவ் லைன் வீரர்களில், கல்லூரியில் இடது டேக்கிளாக ஆடியவர்களுக்கு முன்னுரிமை தருவதும் தெரிந்ததே. பக்தியாரி, டாம், ஷான் ரயன், மார்கன் நால்வரும் அப்படி வந்தவர்கள். அந்தக் கடினமான இடத்தில் ஆடியவரை வேறெங்கும் நிறுத்தலாம் என்ற கணக்கு அது.

கம்பைன் சோதனை எண்களை எவ்வளவு நம்பலாம்?

இண்டியானாபொலிஸ் நகரில் 1987 முதல் நடந்துவரும் கம்பைனில் வீரர்களின் 40 கெஜ ஓட்டம், தாண்டுதல், உடல் அளவு, மருத்துவ நிலை ஆகியவை சோதிக்கப்படுகின்றன. வாட்சன் 4.36 வினாடி, கோல்டன் 4.29 வினாடி ஓடியவர்கள் என்பது தற்செயல் அல்ல. முதல் மூன்று சுற்றுகளில் உடல் திறன் மிகுந்த, வயது குறைந்த வீரர்களை பேக்கர்ஸ் நாடுகிறது. 2023இல் 13ஆம் இடத்தில் எடுத்த லூகாஸ் வான் நெஸ், அயோவா பல்கலைக்கழக அணியில் ஓர் ஆட்டத்தைக்கூடத் தொடக்க வீரராக ஆடியவர் அல்லர்! இந்த எண்களைச் சல்லடையாகப் பயன்படுத்துங்கள்: யாரை எடுப்பார்கள் என்பதைவிட, யாரை எடுக்க மாட்டார்கள் என்பதையே அவை நன்றாகச் சொல்லும்.

வீரர்கள் அணி அலுவலகத்துக்கு வந்து போவதாக வரும் செய்திகள்?

ஓர் அணி தன் இடத்துக்கு 30 வீரர்களை அழைக்கலாம். அந்த அழைப்பு சில வேளை உண்மை ஆர்வம், சில வேளை மருத்துவச் சோதனை, சில வேளை வெறும் திசைதிருப்பல். கடைசிச் சுற்றுகளுக்கு இது கொஞ்சம் உதவும். முதல் சுற்றுக்கு நான் பெரிய மதிப்பு தருவதில்லை.

சில இடங்களுக்கு மட்டும் எப்போதும் முன்னுரிமை கிடைப்பது ஏன்?

பணம்தான் காரணம். 2010இல் முதலாவதாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு ஆறு ஆண்டுக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2011இல் புதிய தொழிலாளர் உடன்பாட்டின் கீழ் முதலாவதாக வந்த கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுக்கு சுமார் 2.2 கோடிதான். அதன்பின் புதியவர்களின் சம்பளம் அவர்கள் ஆடும் இடத்தைப் பொறுத்ததன்று, எடுக்கப்பட்ட வரிசையைப் பொறுத்தது. சந்தையில் விலை உயர்ந்த குவாட்டர்பேக், டேக்கிள், எட்ஜ் ரஷர், கார்னர்பேக், ரிசீவர் ஆகியோரை டிராஃப்டில் எடுத்தால் மிச்சம் அதிகம். சந்தையில் மலிவாகக் கிடைப்பவர்களை எடுத்தால் மிச்சம் குறைவு. லைன்பேக்கரான குவே வாக்கரின் ஐந்தாம் ஆண்டை 2025இல் பேக்கர்ஸ் வேண்டாம் என்றது, நடு வரிசையில் நிற்கும் வையட்டின் ஐந்தாம் ஆண்டை ஏற்றது. இருவரும் ஒரே இரவில் எடுக்கப்பட்டவர்கள்.

அணி மேலே ஏறுமா, கீழே இறங்குமா என்பதைக் கணிக்க முடியுமா?

ஓரளவுக்கு முடியும். 1990களின் தொடக்கத்தில் டாலஸ் கவ்பாய்ஸ் பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சனின் பெயரால் வழங்கும் மதிப்பு அட்டவணை உருவானது. அதில் முதல் உரிமைக்கு 3000 புள்ளி, 26க்கு 700, 30க்கு 620, 32க்கு 590. லவ்வுக்காக பேக்கர்ஸ் ஈடுகட்ட வேண்டியிருந்த வேறுபாடு 80 புள்ளி. கொடுத்ததோ சுமார் 40 புள்ளி மதிப்புள்ள ஒரு நான்காம் சுற்று உரிமை. பேரத்தின் எல்லையைத்தான் அட்டவணை காட்டும், விலையை அல்ல. ஆனால் குட்டகுன்ஸ்டின் கை துறுதுறுவென்று இருக்கும். முதல் ஆண்டிலேயே 14இலிருந்து 27க்கு இறங்கி, நியூ ஆர்லின்ஸிடம் அடுத்த ஆண்டின் முதல் சுற்று உரிமையை வாங்கிக்கொண்டு, அதே இரவில் 18க்கு ஏறி ஜெய்ர் அலெக்சாண்டரை எடுத்தவர் அவர்.

முதல் சுற்று உரிமையே இல்லாத ஆண்டில் என்ன கணிப்பது?

2025 ஆகஸ்டில் எட்ஜ் ரஷர் மைக்கா பார்சன்ஸைப் பெறுவதற்காக, கென்னி கிளார்க் என்ற வீரரோடு 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் பேக்கர்ஸ் டாலஸுக்குக் கொடுத்தது. கிளார்க் நின்ற நடு வரிசை இடம் அந்த நொடியிலேயே தேவைப் பட்டியலில் ஏறிவிட்டது. எட்ஜ் ரஷர் இடம் கீழே இறங்கியது. இத்தகைய ஆண்டுகளில் பெயரைக் கணிப்பது வீண்வேலை. எந்தெந்த இடங்களுக்கு மூன்றாம் நாளுக்குள் ஆள் வந்திருப்பார்கள் என்று மட்டும் எழுதுங்கள். வேறு அணிகளுக்குப் போன வீரர்களுக்கு ஈடாக மூன்றாம் சுற்று முதல் ஏழாம் சுற்று வரை லீக் வழங்கும் இழப்பீட்டு உரிமைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஓர் அணிக்கு ஆண்டுக்கு நான்குவரை கிடைக்கலாம்.

டிராஃப்ட் வாரத்தில் வரும் வதந்திகளை நம்பலாமா?

2025இல் குவாட்டர்பேக் ஷடூர் சாண்டர்ஸை முதல் சுற்றில் வைத்த கணிப்புகள் எண்ணிலடங்கா. அவர் ஐந்தாம் சுற்றில் 144ஆம் இடத்தில்தான் கிளீவ்லாந்து பிரவுன்ஸால் எடுக்கப்பட்டார். அதற்கு முந்தைய நாள் அதே அணி டிலன் கேப்ரியல் என்ற வேறொரு குவாட்டர்பேக்கை மூன்றாம் சுற்றில் எடுத்திருந்தது. ஒருவர் எழுதியதை மற்றொருவர் எடுத்து எழுதி, பின் இருவரையும் மூன்றாமவர் சான்று காட்டுவதால் பிறக்கும் ஒருமித்த கருத்து அணிகளின் கருத்தாகிவிடாது.

என் கணிப்பு சரியா தவறா என்று எப்படி மதிப்பிடுவது?

பெயருக்கு ஒரு மதிப்பெண், ஆடும் இடத்துக்கு இரண்டு, சுற்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். மார்ச் நடுவில் வெளி வீரர் சந்தை திறக்கும் முன் ஒன்று, டிராஃப்டுக்கு முந்தைய இரவு ஒன்று என இரண்டு பட்டியல் எழுதி வையுங்கள். இரண்டுக்கும் இடையே எதை மாற்றினீர்கள், எந்தச் செய்தியை நம்பி மாற்றினீர்கள் என்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பழைய பட்டியல்களை அழிக்க வேண்டாம். 2024இல் தவறென்று நினைத்த என் டேக்கிள் கணிப்பு ஒன்று, சுற்று மாறி 2025இல் வந்து சேர்ந்தது.